போன நடத்தை ஏன் திரும்பி வருகிறது?

ஏழு வயதுப் பையன் ஒருவன். எழுத உட்காரச் சொன்னால் தலையை மேசையில் மோதுவான். ஒரு மணி நேரத்தில் 30, 40 முறை. மூன்று மாதம் தெரபி நடந்தது. கஷ்டமாக இருந்தால் மோத வேண்டாம், இந்த 'இடைவேளை' அட்டையை எடுத்துக் கொடு, உடனே விட்டுவிடுகிறோம் என்று கற்றுக்கொடுத்தார்கள். பையனும் பிடித்துக்கொண்டான். மோதல் கிட்டத்தட்ட நின்றே போனது. அப்புறம் வழக்கமான ஆசிரியர் விடுப்பில் போனார். புதிதாக வந்தவருக்கு அட்டையின் கதை தெரியாது. பையன் நீட்டினான், அவர் சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். இரண்டு நாள் நீட்டிப் பார்த்தான். நான்காம் நாள் நெற்றியில் வீக்கம்.

இந்தப் பையன் விளக்கத்துக்காக நான் உருவாக்கியவன். ஆனால் அவனுக்கு நடந்தது அபூர்வமான விஷயம் இல்லை. இப்படி நடக்கும்போது வீட்டார் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "பழையபடி ஆயிடுச்சு, இத்தனை நாள் பட்ட பாடு வீண்." தெரபிஸ்ட் தன் வேலையைச் சந்தேகிப்பார், பள்ளி வீட்டைக் குறை சொல்லும், வீடு பள்ளியைக் குறை சொல்லும். அந்தச் சிகிச்சை பொய்யில்லை. அது நல்ல நாட்களில் மட்டும் ஓடிப் பழகிய சிகிச்சை, அவ்வளவுதான். கெட்ட நாள் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் ஒத்திகை பார்க்கவில்லை.

நடத்தைச் சிகிச்சை உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தன்னையே அடித்துக்கொள்வது, பிறரைக் கடிப்பது, பொருளை உடைப்பது, ஓடிப்போவது போன்றவற்றைச் சவாலான நடத்தை என்கிறோம். இவை காரணமில்லாமல் வருவதில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொடுக்கின்றன. யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், கஷ்டமான வேலை தள்ளிப்போகும், கேட்ட பொருள் கிடைக்கும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ ஓர் உணர்வைத் தரும். 1982இல் பிரையன் இவாட்டாவும் சகாக்களும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் எது அந்த நடத்தையைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த படிக்குப் போனார்கள். நான்கு குழந்தைகளுக்கு, அந்த நடத்தையால் கிடைத்துவந்த அதே பலனை வார்த்தையால் கேட்டு வாங்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிரச்சினை நடத்தை குறைந்தது. இதைத்தான் செயல்பாட்டுத் தொடர்புப் பயிற்சி என்கிறார்கள்.

இதில் இரண்டு பகுதி இருக்கிறது. புதிய வழிக்குப் பலன் உண்டு. பழைய வழிக்கு இனிப் பலன் இல்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும்போது மாற்றம் சீக்கிரமே தெரியும், சில சமயம் சில நாட்களிலேயே. அந்த வேகம்தான் நம்மை ஏமாற்றுகிறது. பழைய நடத்தை அழிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

அது அழிவதில்லை. நூறு ஆண்டுக்கு முன்பே பாவ்லோவின் நாய்கள் இதைக் காட்டிவிட்டன. மணி ஓசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாயிடம், உணவே தராமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால் எச்சில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி ஒலித்தால் எச்சில் திரும்ப வரும். 1979இல் மார்க் பௌட்டனும் ராபர்ட் போல்ஸும் எலிகளிடம் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு பெட்டிக்குள் ஓர் ஒலியைக் கேட்டுப் பயப்படப் பழகிய எலிக்கு, வேறு பெட்டிக்குள் வைத்து அந்தப் பயத்தைப் போக்கினார்கள். பழைய பெட்டிக்குக் கொண்டுபோனதும் பயம் திரும்பியது. எலி பழைய பாடத்தை மறக்கவில்லை. 'இந்தப் பெட்டியில் பயப்பட வேண்டாம்' என்ற புதுப் பாடத்தை அதன் மேல் எழுதிக்கொண்டது. அந்தப் புதுப் பாடம் எழுதப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான சோதனை 1970இல் வந்தது. ஹரோல்ட் லைட்டன்பெர்கும் சகாக்களும் எலிகளுக்கு ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு என்று பழக்கினார்கள். பிறகு அதை நிறுத்தி, வேறொரு செயலுக்கு உணவு கொடுத்தார்கள். எலி முதல் நெம்புகோலை மறந்ததுபோலத்தான் இருந்தது. இரண்டாவது செயலுக்கும் உணவை நிறுத்தினார்கள். எலி நேராக முதல் நெம்புகோலுக்குப் போனது. 1980களில் ராபர்ட் எப்ஸ்டீன் புறாக்களிடம் இதையே ஆராய, ரிசர்ஜென்ஸ் என்ற பெயர் நிலைத்தது. தமிழில் மீளெழுச்சி எனலாம். அட்டையை நீட்டி இரண்டு நாள் காத்திருந்த பையனுக்கு நடந்தது இதுதான். புது வழி அடைபட்டது, பழைய வழி தெரியும், போனான். யாராக இருந்தாலும் அப்படித்தான். தொடுதிரை வேலை செய்யாவிட்டால் விரல் தானாகவே பழைய பொத்தானைத் தேடுகிறதே.

நடத்தை திரும்பி வரும் வழிகள் பல. மீளெழுச்சிதான் அதிகம் ஆராயப்பட்டது, என் கணிப்பில் அன்றாடத்தில் அதிகம் நடப்பதும் அதுதான். இரண்டாவது, பௌட்டனின் எலிபோல, இடமும் ஆளும் மாறுவது. சிகிச்சை மையத்தில் அடங்கிய நடத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எட்டிப்பார்க்கும், ஏனென்றால் பழைய பாடம் படிக்கப்பட்டது வீட்டில். மூன்றாவது, பழைய பலன் காரணமே இல்லாமல் இலவசமாகக் கிடைப்பது. அது பழைய நினைவைத் தட்டி எழுப்பிவிடும். நான்காவது, வெறுமனே நாள் கடப்பது. நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் இது தெரியும்.

மீளெழுச்சி எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செயல்பாட்டுத் தொடர்புப் பயிற்சி நடந்த 25 சிகிச்சைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். புது வேண்டுகோளுக்குப் பலன் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைத்த கட்டத்தில் 76 விழுக்காட்டில் நடத்தை ஏதோ ஒரு படியில் திரும்பியிருந்தது. அதுவும் தேர்ந்த நிபுணர்கள் பார்த்துப் பார்த்துக் குறைத்த இடத்தில். வீட்டில் திரும்பினால் பெற்றோர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

குறைக்காமலே இருந்தால் என்ன என்று கேட்கலாம். முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை கேட்டு, ஒவ்வொரு முறையும் கிடைத்துக்கொண்டே இருந்தால் பையன் எதையும் கற்க மாட்டான். அம்மா அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போது ஒவ்வொரு கூப்பிடலுக்கும் ஓடிவர முடியாது. வாழ்க்கை எப்படியும் அட்டையின் மதிப்பைக் குறைக்கத்தான் போகிறது. நாம் திட்டமிட்டுக் குறைக்கிறோமா, அல்லது தற்செயல் நமக்காகக் குறைக்கட்டும் என்று விட்டுவிடுகிறோமா என்பதுதான் கேள்வி.

இங்கே சுவாரசியமான, கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம் உண்டு. ஜான் நெவின் என்ற ஆய்வாளர் நடத்தையை ஓடும் வண்டியோடு ஒப்பிட்டார். எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பது அதன் வேகம்; இடையூறு வந்தால் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது அதன் எடை. அந்த எடையைத் தீர்மானிப்பது, அந்தச் சூழலில் மொத்தமாக எவ்வளவு பலன் கிடைக்கிறது என்பது. எந்தச் செயலுக்குக் கிடைத்தது என்பதுகூட இல்லை. 1990இல் புறாக்களை வைத்து அவரும் சகாக்களும் இதைக் காட்டினார்கள். இதை நம் பையனுக்குப் பொருத்திப் பாருங்கள். மோதி மோதிப் பழகிய அதே மேசையில், அதே நாற்காலியில், அட்டைக்கு வாரி வழங்குகிறோம். மோதுவது குறைகிறது. ஆனால் அந்த மேசையோடு சேர்ந்த பழைய நடத்தைக்கும் எடை கூடிக்கொண்டே போகிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்த ஒவ்வொரு இடைவேளையும், பின்னால் அட்டை தோற்கும் நாளில் பழைய நடத்தையை இன்னும் பிடிவாதமாக்கக்கூடும். 2010இல் எஃப். சார்ல்ஸ் மேஸும் சகாக்களும் குழந்தைகளிடமும் எலிகளிடமும் இதைச் சோதித்து ஒரு வழியையும் சொன்னார்கள்: புது வழியை முதலில் பழைய நடத்தைக்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் கற்றுக்கொடு, அப்புறம் பழைய இடத்துக்குக் கொண்டுவா.

இந்தக் கோட்பாட்டை எல்லோரும் ஏற்கவில்லை. 2017இல் டிமோத்தி ஷாஹனும் ஆண்ட்ரூ கிரெய்கும் வேறொரு விளக்கம் வைத்தார்கள். எந்த நேரத்திலும் உயிரினம் இரண்டு வழிகளின் மதிப்பை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறது, புது வழியின் மதிப்பு திடீரென்று விழுந்தால் தராசு பழைய பக்கம் சாய்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த இரண்டாவது படம்தான் மனிதர்களோடு அதிகம் ஒத்துப்போவதாகத் தோன்றுகிறது. ஆனால் கோட்பாட்டுச் சண்டை எப்படி முடிந்தாலும் நடைமுறைக்கு வேண்டிய செய்தி பெரிதாக மாறவில்லை: மதிப்பு திடீரென்று விழக் கூடாது. வாரி வழங்கிக்கொண்டிருந்துவிட்டு ஒரே நாளில் நிறுத்துவதுதான் மிக மோசமான வழி.

சரி, எப்படிக் குறைப்பது? எனக்குத் தெரிந்தவரை மிகச் சிக்கனமான கருவி ஒரு வண்ண அட்டை. கிரெகரி ஹான்லியும் சகாக்களும் 2001இல் விவரித்த முறை இது. பச்சை தெரிந்தால் கேட்டால் கிடைக்கும். சிவப்பு தெரிந்தால் இப்போது கிடைக்காது, பச்சை வரும்வரை பொறு. முதலில் பச்சை பெரும்பகுதி, சிவப்பு சில நொடி. மெதுவாகச் சிவப்பு நீளும். இதனால் குழந்தைக்கு ஒரு பெரிய உதவி கிடைக்கிறது. 'இல்லை' என்பதற்கும் 'இனி எப்போதும் இல்லை' என்பதற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. கேட்டும் கிடைக்காத ஒரு நிமிடம், வழி அடைபட்டதாக அர்த்தமாகாது. புது ஆசிரியர் வந்தாலும் அந்த அட்டை கூடவே போகும். புது இடத்திலும் பழைய விதியை அது நினைவூட்டும். கையில் கட்டும் பட்டை, சுவரில் ஒட்டிய தாள், எதுவாக இருந்தாலும் சரி.

எப்போதும் அட்டை காட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. வெளி உலகத்தில் சிவப்பு விளக்கு போட்டுவிட்டு யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. அதனால் 'பொறு', 'இப்போ வேண்டாம்' என்ற சொற்களையே ஏற்கப் பழக்குவது தனியாக நடக்க வேண்டும். சில முறை கேட்ட உடனே கொடுப்பது, சில முறை 'பொறு' என்று சொல்லி, குழந்தை 'சரி' என்றதும் கொடுப்பது, சில முறை 'சரி' சொன்ன பிறகும் ஒரு சின்ன வேலையை முடிக்கச் சொல்லிக் கொடுப்பது. எது வரும் என்று முன்கூட்டித் தெரியாதபடி கலந்து நடத்த வேண்டும். ஹான்லியின் குழு 2014இல் மூன்று குழந்தைகளோடு இப்படித்தான் செய்தது. வெறும் காத்திருப்பைவிட, காத்திருக்கும் நேரத்தில் செய்ய ஏதாவது இருப்பது நன்றாக வேலை செய்கிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தானே, வரிசையில் நிற்கும்போது கையில் போன் இல்லாவிட்டால் நாம் படும் பாட்டைப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது, எந்த வேண்டுகோளைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது. இதில் டுராண்டும் காரும் 1992இல் செய்த ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. கவனத்துக்காகப் பிரச்சினை செய்த 12 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 'நான் சரியாகச் செய்கிறேனா?' என்பதுபோலக் கேட்டுக் கவனம் வாங்கக் கற்றுக்கொடுத்தார்கள். மறுபாதிக்குத் தனியே ஒதுக்கி வைக்கும் முறை. இரண்டு குழுவிலும் நடத்தை ஏறக்குறைய ஒரேபோலக் குறைந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு முறையும் சமம் என்று எழுதியிருப்பார்கள். அப்புறம் இந்தக் குழந்தைகளைப் பற்றி எதுவும் தெரியாத ஆசிரியர்களிடம் அனுப்பினார்கள். ஒதுக்கி வைக்கப்பட்ட குழுவில் பிரச்சினை திரும்பியது. கேட்கக் கற்ற குழந்தைகளிடம் திரும்பவில்லை, ஏனென்றால் ஒரு குழந்தை அப்படிக் கேட்டால் பயிற்சி பெறாத எந்த ஆசிரியரும் இயல்பாகவே திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வார். நம் பையனின் அட்டை தோற்றது இங்கேதான். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அட்டையில் பெரிய எழுத்தில் 'எனக்கு இரண்டு நிமிடம் ஓய்வு வேண்டும்' என்று இருந்திருந்தால் புது ஆசிரியருக்குப் புரிந்திருக்கும். ஒரு வழி மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அட்டை, கை சைகை, ஒரு சொல் என்று இரண்டு மூன்று வழி தெரிந்திருந்தால், ஒன்று தோற்கும்போது அடுத்ததை முயல்வான். பழைய நடத்தை வரிசையில் பின்னுக்குப் போகும்.

ஆளும் இடமும் பலவாக வேண்டும் என்பது பழைய அறிவுரை. ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேரும் 1977இலேயே, பயிற்சி கொடுத்துவிட்டு மற்ற இடங்களுக்கும் அது பரவும் என்று நம்பிக்கொண்டிருப்பதைக் கிண்டலாகக் குறிப்பிட்டார்கள். இன்னமும் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரே அறை, ஒரே தெரபிஸ்ட், ஒரே மேசை. குறைந்தது மூன்று பேர், மூன்று இடம். தாத்தாவும் அக்காவும் அதில் இருக்க வேண்டும்.

இனி ஒத்திகை. சிகிச்சை முடிவதற்கு முன்பே, பாதுகாப்பான சூழலில், தெரபிஸ்ட் அருகில் இருக்கும்போது, கெட்ட நாளைச் சின்ன அளவில் உண்டாக்கிப் பார்க்க வேண்டும். வேறொருவர் வந்து அட்டையை ஒரு நிமிடம் கவனிக்காமல் இருக்கட்டும். மேசையை வேறு அறைக்கு மாற்றுங்கள். ஒருநாள் அட்டையே தொலைந்துபோகட்டும். பழைய நடத்தை எட்டிப்பார்த்தால் அது தகவல்: இந்த இடத்தில் சுவர் மெலிதாக இருக்கிறது. நடத்தை உயிருக்கோ கண்ணுக்கோ ஆபத்தானது என்றால் இந்தச் சோதனையை வீட்டில் தனியாகச் செய்யவே கூடாது. தலை மோதல் அந்த வகையைச் சேர்ந்தது.

இனி பெரியவர்களின் தவறு. இது இரண்டு வகை. அட்டையைக் கவனிக்காமல் விடுவது ஒன்று. பழைய நடத்தைக்கு இணங்கிப்போவது மற்றொன்று. முதலாவது அவ்வப்போது நடந்தால் சிகிச்சை தாங்கிக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து, குறிப்பாக நீண்ட போராட்டத்துக்குப் பிறகு இணங்குவது. அரை மணி நேரம் அலறிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகு, "சரி, போ" என்றால் குழந்தை கற்றுக்கொள்வது அரை மணி நேரம் அலற வேண்டும் என்பதை. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் நடத்தைதான், எப்போதும் பலன் கிடைத்த நடத்தையைவிட அணைய அதிக காலம் எடுக்கும். தாங்க முடியாது என்று முன்கூட்டித் தெரிந்தால், அலறல் தொடங்குவதற்கு முன்பே, அட்டையை எடுக்க உதவி செய்து, கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல். அது தோல்வி இல்லை. அன்று எல்லோருக்கும் தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் திரும்பி வந்தால், உடனே திட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காது வலி, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, மாறிய மருந்து, கெட்ட தூக்கம். சொல்லத் தெரியாத குழந்தை வலியை வேறு எப்படிச் சொல்லும்? வலியால் வந்த தலை மோதலுக்கு 'இடைவேளை' அட்டை பதிலாகாது. உடம்பில் ஒன்றுமில்லை என்றால், காரணமே மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முன்பு வேலையைத் தவிர்க்க மோதியவன் இப்போது தம்பி பிறந்த பிறகு கவனத்துக்காக மோதலாம். சில சமயம் திரும்பி வந்த நடத்தையின் புகார் நியாயமாகவும் இருக்கும். ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுத வைத்தால் எந்த ஏழு வயதுக் குழந்தைக்குத்தான் பொறுக்கும்? அங்கே திருத்த வேண்டியது பாடத்தை.

காரணமும் மாறவில்லை, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் சில படிகள் பின்னால் போங்கள். சிவப்பு குறுகட்டும், பச்சை நீளட்டும், கேட்டதும் கிடைக்கட்டும். முதல் தடவை மூன்று மாதம் ஆனது மறுமுறை பெரும்பாலும் அவ்வளவு நாள் எடுக்காது, ஏனென்றால் புதுப் பாடமும் பழையதைப் போலவே அழியாமல் உள்ளே இருக்கிறது.

சிகிச்சை முடியும் நாளில் கொடுக்கும் அறிக்கை வழக்கமாக எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதில் இன்னும் ஒரு பக்கம் வேண்டும் என்பது என் கட்சி. எந்த வேண்டுகோளுக்கு யார் எப்படிப் பதில் சொல்ல வேண்டும், புதிதாக வருபவருக்குப் புரியும் மொழியில். ஒரு நாளில் எத்தனை முறை திரும்பினால் தெரபிஸ்டைக் கூப்பிட வேண்டும், எண்ணோடு. அப்புறம் வரப்போகும் மாற்றங்களின் தேதிகள்: ஆசிரியர் விடுப்பு, நீண்ட விடுமுறை, வீடு மாற்றம், புது வகுப்பு. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாரம் முன்பு, சிவப்பு அட்டையைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ள ஒரு குறிப்பு. நம் பையனின் ஆசிரியர் விடுப்பு எழுதிக் கொடுத்தது பத்து நாள் முன்பு.